ரயில் என்று எழுதிய பதினேழு வரிகள்

பொம்மைப் படம் எடுக்கும் எங்கள் கூடத்தின் பதிவேட்டு மேசையை விட்டு நான் எழுந்து இந்தப் பங்குனியோடு ஒரு வருடமாகிறது. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு என்பது கொஞ்சம் முன்கூட்டியேதான். ஆனால், திரையில் அரை மில்லிமீற்றர் அசைவைப் பிடிக்க முடியாத கண்ணோடு அந்தக் கதிரையில் இருப்பது சரியாகப் படவில்லை. கடிதம் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கதிரையில் நீங்கள் மூன்று பேர் முறை வைத்து இருக்கிறீர்கள். மூன்று பேரும் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, "அக்கா, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ. தமிழிலை எண்டாலும் வாசிப்பம், கொஞ்சம் மெதுவாத்தான்" என்று கேட்டீர்கள்.

பதிவேட்டை எப்படி நிரப்புவது என்று நான் சொல்லத் தேவையில்லை. நிரல்கள் அச்சிட்டே இருக்கின்றன: நேரம், எத்தனையாவது படம், என்ன நடந்தது, காரணம். நான் எழுத வந்தது, அந்தக் கடைசி நிரலில் நான் எழுதிய பதினேழு பொய்களைப் பற்றி. அந்தப் பொம்மையை அசைத்த தர்சினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரையும் போடுங்கோ" என்றாள்.

அது பிரித்தானியத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் அன்று காட்டுவதற்காக எடுத்த நத்தார்ப் படம். அரை மணி நேரம் சிரிக்க வைக்கும் பகிடிப் படம். தனியே வாழும் ஒரு பெண், நத்தார் விருந்துக்கு அறுப்பதற்கென்று ஒரு வாத்தை இரண்டு மாதம் முன்னதாகவே வாங்கி வருகிறாள். அந்த வாத்து வாசல் மணியை அடிக்கப் பழகுகிறது, தபால்காரரின் தொப்பிக்குள் படுத்துக்கொள்கிறது, அயல்வீட்டு நாய்க்கு வீட்டை விட்டு வெளிக்கிட முடியாமல் பண்ணுகிறது. இங்கிலாந்துக்காரர் பெரும்பகுதியைத் தங்கள் நாட்டிலேயே எடுத்தார்கள். கடைசி நான்கு நிமிடமும் பனி மூடிய தெருக்காட்சிகளும் ஜேர்மனியில் ஹம் நகரில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு வந்தன. ஐப்பசி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

அந்த நான்கு நிமிடத்துக்குள் பதினொரு விநாடி மட்டும் பகிடியே இல்லாமல் வரும். கத்தியை எடுக்கப் போன அந்தப் பெண், அதை எடுக்காமல், வாத்தைத் தனக்கு எதிரே மேசையில் இருத்தி, அதன் கழுத்தில் ஒரு சாப்பாட்டுத் துவாயைக் கட்டுகிறாள். முடிச்சுப் போட்டு, நுனியை மெல்ல இழுத்துச் சரிசெய்கிறாள். அவ்வளவுதான். அந்த முடிச்சு நம்பும்படி இல்லையென்றால் முழுப் படமும் வெறும் வாத்துச் சேட்டையாகிவிடும். இயக்குநர் ஓர் ஆங்கிலப் பெண். நாங்கள் அவரைக் கணினித் திரையில் மட்டுமே கண்டிருக்கிறோம். அந்தப் பதினொரு விநாடியையும் தர்சினிதான் செய்ய வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார்.

தர்சினிக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஹம்மில் வளர்ந்தவள், அவள் தாய் மலர் அக்காவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். எங்கள் கூடத்தில் பொம்மை அசைப்பவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். துணி, தலைமயிர், தண்ணீர் போன்ற அடங்காத பொருட்கள் வந்தால் அவளிடம்தான் போகும். அவளுடைய அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தது. வலது கையில் ஒரு சின்ன நடுக்கமாகத் தொடங்கி, எட்டு வருடம் இழுத்து, அதற்கு முந்திய வருடம்தான் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருடமும் அவருக்குச் சேர்ட் பொத்தான் பூட்டி விட்டது தர்சினிதான். இதை நினைவில் வைத்திருங்கள். நான் செய்த பிழைக்கு இதுதான் காரணம்.

இந்த வேலையைத் தெரியாத யாரும் உங்கள் தோளுக்கு மேலால் இதை வாசித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. பொம்மையை ஒரு மயிரளவு நகர்த்தி ஒரு படம் எடுப்போம். பிறகு இன்னொரு மயிரளவு, இன்னொரு படம். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு முறை. முடிச்சுப் போடும் காட்சி போன்றவற்றில் ஒரு நாளைக்கு ஒரு விநாடி முடிந்தால் நல்ல நாள். தொடங்கிய காட்சியை இடையில் நிறுத்தி மேசையை நகர்த்த முடியாது. ஒரு நூல் அசைந்தாலும் திரையில் துள்ளும்.

எங்கள் கூடத்தின் பின்சுவரை ஒட்டி ரயில் பாதை போகிறது. சரக்கு ரயில் வந்தால் மேசைகள் நடுங்கும். அதனால், சத்தம் கேட்டதும் எல்லோரும் வேலையை விட்டு இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிவிடுவோம், பொலிஸ் பிடித்த ஆட்களைப் போல. ரயில் போனபின் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏதும் அசைந்திருந்தால் அந்தப் படத்தை அழித்து மறுபடி எடுப்போம். நான் காரணம் என்ற நிரலில் 'ரயில்' என்று எழுதுவேன். பாதை எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது என்பதால் யாரும் அதற்காகக் கோபிப்பதில்லை.

முடிச்சுக் காட்சியின் இரண்டாம் நாள், காலை பத்தே முக்கால். தர்சினி துவாயின் நுனியை ஊசியால் தொட்டு நகர்த்தினாள். படம் எடுத்தாள். திரையில் பார்த்தேன். நுனி முன்னால் போவதற்குப் பதில் பக்கவாட்டில் துள்ளியிருந்தது. அவள் கையைப் பின்னுக்கு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ரயில்தானே போனது, அக்கா?"

ரயில் எதுவும் போகவில்லை. அது இருவருக்கும் தெரியும். மடியில் கிடந்த கை என் கண்ணில் பட்டது. விரல்கள் மெல்லிய காற்றில் இலை அசைவது போல அசைந்தன. அவள் அப்பாவின் கையை நான் கண்டிருக்கிறேன். "ஓம்" என்று சொல்லி, நேரத்தை எழுதி, 'ரயில்' என்று எழுதினேன்.

எழுதி முடிக்க மூன்று விநாடிகூடப் போயிருக்காது. நான் யாருக்கும் தீங்கு செய்வதாக நினைக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறேன் என்றே நினைத்தேன். அன்று மட்டும் மூன்று முறை எழுதினேன். மறுநாள் இரண்டு முறை. அவள் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுக்கத் தொடங்கினாள். நான் அவளுடைய வலது பக்கத்தில் இருந்த என் கதிரையை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன், பார்க்கிறேன் என்று அவள் நினைக்கக் கூடாது என்பதற்காக.

தயாரிப்புப் பொறுப்பாளரை உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பான் நகரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். ஒவ்வொரு வார முடிவிலும் பதிவேட்டை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான். நான்கு நாளில் பத்து முறை ரயில் ஒரே காட்சியைக் குழப்பியிருக்கிறது என்று கண்டார். நேர்மையான ஆள் என்ன செய்வாரோ அதையே செய்தார். எங்கள் கூடம் இந்தக் காட்சிக்குத் தகுதியில்லை, நீங்களே எடுப்பதென்றால் பொம்மையை அனுப்பிவிடுகிறோம் என்று இங்கிலாந்துக்கு எழுதினார். தங்களிடம் ஓர் ஆள் ஓய்வாக இருக்கிறார், அனுப்பலாம் என்று பதில் வந்தது.

அதைச் சொல்வதற்காக ஆறாம் நாள் பின்னேரம் எங்கள் மேசைக்கு வந்தார். நாலரை விநாடி முடிந்திருந்தது. வந்தவர், பழக்கத்தில், கடைசி இரண்டு நாள் பக்கங்களையும் புரட்டினார். புரட்டிய கை நின்றது. பக்கத்தைத் திருப்பி எனக்கு முன்னால் வைத்து, மிகவும் மரியாதையாக, இது எந்த ரயில் என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தண்டவாள வேலைக்காக அந்தப் பாதை முந்தியநாள் காலையிலிருந்து மூடியிருக்கிறது. ஒரு ரயிலும் ஓடவில்லை. இரண்டு நாளும் மாற்றுப் பேருந்தில் ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டு வந்தவர் அவர். அந்த இரண்டு நாளிலும் ஏழு இடத்தில் நான் 'ரயில்' என்று எழுதியிருக்கிறேன்.

நான் எதையும் சரிபார்க்காமல் எழுதுகிறவள் இல்லை. கூடத்துச் சுவரில் ரயில் நேர அட்டவணையை ஒட்டி வைத்ததே நான்தான். ஆனால் பொய் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் ரயிலைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். அது தேவைப்படவில்லை. இரண்டு நாள் முழுக்கப் பின்சுவர் அமைதியாக இருந்ததையும், ஒருவரும் கை தூக்காததையும் நான் உணரவே இல்லை.

தெருவில் பாரவூர்தி போனது என்று சொல்லியிருக்கலாம். பழக்கத்தில் கை எழுதிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை நம்பியிருப்பார், அத்தனை வருடமாக நம்பியவர். தர்சினி இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் அது என்னுடைய உண்மை மட்டும் இல்லை. அந்த இடத்தில் என் வாயில் வந்தது இதுதான்: இந்தப் பதினேழு வரிகளும் பொய், எழுதியது நான், காரணத்தை நாளைக் காலை எட்டு மணிக்குச் சொல்கிறேன், அதுவரை இங்கிலாந்துக்கு எதையும் அனுப்ப வேண்டாம். அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, எட்டு மணி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தர்சினியும் நானும் பொருட்கள் இறக்கும் மேடையில் போய் இருந்தோம். வெயில் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் அவள் அழப்போவதாகவும் நினைத்திருந்தேன். அவள் கோபத்தோடு இருந்தாள்.

"ஏன் எழுதினனீங்கள்?"

"நீ கேட்டாய்."

"நான் கேட்டா? நீங்கள் இல்லை எண்டு சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான். இந்தக் கூடத்திலை உங்களை விட்டா ஆர் எனக்கு இல்லை எண்டு சொல்லுறது?"

நான் அவள் பக்கம் திரும்பி இருந்தேன்.

"நீங்கள் ரயில் எண்டு எழுத எழுத, நானும் ரயில் எண்டு நினைக்கப் பாத்தன். முதல் நாளே இல்லைப் பிள்ளை, உன்ரை கைதான் எண்டு சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே டொக்டரிட்டைப் போயிருப்பன்." கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து முழங்காலில் வைத்தாள். "அப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. இந்தக் கைதான்."

"நாளைக்குப் போவம். நானும் வாறன்."

"டேர்மின் இல்லாமல்? முன்னமே நேரம் எடுக்காட்டி உள்ளை விடமாட்டினம்."

"டேர்மின் இல்லாமல் போய்க் காத்திருப்பம்."

மறுநாள் காலை ஏழரைக்கே பொறுப்பாளரின் அறைக்குப் போனோம். நான் வாயைத் திறக்க முன்னம் தர்சினியே சொன்னாள், நல்ல ஜேர்மன் மொழியில், இரண்டே வசனத்தில்: என் கை நடுங்குகிறது, ஏன் என்று தெரியாது. அவர் உடனே கேட்டது காட்சியைப் பற்றி இல்லை. இன்றைக்கு வைத்தியரிடம் போக வழி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, பதிவேட்டை என் கையில் தந்து, இதையும் கொண்டு போங்கள், நேரங்களும் பொய்யா என்று கேட்டார். இல்லை, காரணம் மட்டும்தான் பொய் என்றேன். எனக்கு அப்போது அது குத்தலாகத்தான் பட்டது.

குடும்ப வைத்தியரிடம் இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். அவர் கையை நீட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். எப்போது நடுங்குகிறது என்று கேட்டார். எப்போதும் என்றாள் தர்சினி. நான் பதிவேட்டைத் திறந்து வாசித்தேன். பத்து நாற்பத்தைந்து. பதினொன்று ஐந்து. பதினொன்று முப்பது. இரண்டு பத்து. இரண்டு ஐம்பது. பதினேழு நேரங்களையும் வாசித்து முடித்தபோது வைத்தியர் சொன்னார்: காலை பத்தரைக்கு முன்னம் ஒன்றும் இல்லை, பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. உங்கள் வேலையிடத்தில் காலை பத்து மணிக்கு என்ன நடக்கிறது?

காலை பத்து மணிக்கும் பகல் ஒன்றரைக்கும் பக்கத்து மேசையில் சல்லடையால் பனி அரிப்பார்கள். தெருக்காட்சிக்கான பனித்தூள், மாவை விட மெல்லியது. ஆவணிக் கடைசியில் அது தொடங்கியதிலிருந்து தர்சினிக்கு இருமலும் இழுப்பும். அதற்காக இதே வைத்தியர் ஒரு மூச்சுப் பம்ப் கொடுத்திருந்தார். தூள் அரித்ததும் மூச்சு இறுகும். இரண்டு முறை இழுப்பாள். இறுக்கம் விடாவிட்டால் இன்னும் இரண்டு முறை. அந்த மருந்து கையை நடுங்க வைக்கக் கூடியது என்று வைத்தியர் சொன்னார். பெட்டிக்குள் இருந்த தாளிலும் அது எழுதியிருந்ததாம். அவள் அதை விரித்தே பார்க்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மருந்தை மாற்றினார். தூளிலிருந்து விலகி இருக்கச் சொன்னார். அப்பாவின் நோயையும் கேட்டறிந்ததால், நரம்பு வைத்தியரிடமும் ஒருமுறை காட்டுவது நல்லது என்று கடிதம் தந்தார். அந்த டேர்மின் மாசியில்தான் கிடைத்தது.

படியிறங்கும்போது தர்சினி நடுப்படியில் இருந்துவிட்டாள். "சும்மா ஒரு பம்ப், அக்கா" என்றாள். பிறகு, "அது இல்லாமலும் இருக்கலாம்" என்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

கூடத்துக்குத் திரும்பியதும் பதினேழு வரிகளையும் திருத்தினேன். பதிவேட்டில் அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதிக் கையெழுத்திட வேண்டும். என்ன எழுதுவது என்று யோசித்தபோது அவள் பின்னால் நின்று, "கை எண்டு எழுதுங்கோ. அதுதானே உண்மை" என்றாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் ஒன்று போட்டாள். கடைசிச் சில கையெழுத்துகள் கோணலாக இருக்கும். அந்தத் தொகுதி அலுமாரியில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஆங்கில இயக்குநரிடமும் திரையில் அவளே பேசினாள். அவர் கேட்டது ஒன்றுதான்: வேறு ஆள் வேண்டுமா? வேண்டாம், நேரம் வேண்டும் என்றாள். பனி அரிப்பைப் பின்னேரத்துக்கு மாற்றினார்கள். தர்சினி விடியக் காலை ஏழு மணிக்கு வந்து பத்து மணிவரை மட்டும் வேலை செய்தாள், நாளைக்கு அரை விநாடி. அதன்பின் பொம்மையைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் கிட்டப் போகாமல் விட்டோம். அப்போதும் சில நாள் கை நடுங்கியது. நான் எழுதினேன்: ஏழு ஐம்பது, கை. எட்டு இருபது, கை. எழுதுமுன் ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னேன். அவள் "ஓம்" என்று சொல்லிவிட்டு மறுபடி செய்தாள். இரண்டாம் வாரத்தில் அந்தச் சொல் குறைந்தது. மூன்றாம் வாரம் வரவில்லை. காட்சி கொடுக்க வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்னதாக முடிந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். உங்களுக்குப் பிரியமான ஒருவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் அவருக்கு நல்லது செய்ய நினைப்பீர்கள். பதிவேட்டில் கருணை காட்ட முயற்சிக்க வேண்டாம். அதற்கு அங்கே நிரல் இல்லை. கண்டதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லுங்கள். அதன்பின் எழுதுங்கள். இந்த ஒழுங்கை நான் தலைகீழாகச் செய்தேன். அதுவும் பாதியைத்தான் செய்தேன்.

நத்தார் அன்று பின்னேரம் மலர் அக்கா வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். படத்தை இணையத்தில் பார்த்தோம். வாத்து வாசல் மணியை அடித்தபோது மலர் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். துவாய் கட்டும் இடம் வந்ததும் தர்சினி எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முடிச்சு விழுந்தது. நுனி சரியாயிற்று. மலர் அக்கா எழுந்து தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

மூன்று கோப்பையையும் விளிம்புவரை நிரப்பினார். "காணும் அக்கா, சிந்தப் போகுது" என்றேன்.

அவர் கேத்திலை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புரட்டாதியிலையிருந்து நான் அவளுக்கு அரைக் கோப்பைதான் ஊத்தினனான். நிரப்பிக் குடுத்தாச் சிந்தும். சிந்தினா அவள் என்ரை முகத்தைப் பாப்பாள். பாத்தாத் தெரிஞ்சிடும்." பிறகு, "அவளும் ஏன் அரைவாசி எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை" என்றார்.

மருத்துவக் கடிதம், பம்ப், மாசி டேர்மின் எல்லாவற்றையும் தர்சினி தாயிடம் சொல்லியிருப்பாள் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். மலர் அக்காவோ தானாகவே கவனித்து, கை நடுக்கம் நின்றுவிட்டதைக் கண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் அன்று கோப்பையை நிரப்பியிருக்கிறார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பையை எடுக்கத் தர்சினி உள்ளே வந்தாள். பார்த்துவிட்டு, "என்னம்மா இண்டைக்கு இவ்வளவு?" என்றாள்.

மலர் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பை நிறுத்தி, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, "இரு பிள்ளை, உன்னோடை ஒரு கதை இருக்கு" என்றார். நான் என்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, முன்னறைக்குப் போனேன்.